முடிச்சூரா பெருங்களத்தூரா

வீடு வாங்குற கதை ஒருவழியா ரெண்டு ஊர்ல வந்து நிக்குது. ரெண்டுமே தாம்பரம் பக்கம்தான், பக்கத்து பக்கத்துல. முடிச்சூர்ல அதே காசுக்கு தனி வீடு, கார் நிறுத்த இடம், பின்னாடி ஒரு முருங்கை. பெருங்களத்தூர்ல டபுள் பெட்ரூம் பிளாட், மூணாவது மாடி, ஆனா ஸ்டேஷன் நடக்குற தூரம், பீச் ட்ரெயின் புடிச்சா நேரா எக்மோர், கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டும் கிட்ட.

முடிச்சூர் புரோக்கர்கிட்ட 2015 வெள்ளத்த பத்தி கேட்டா "அதெல்லாம் பழைய கதை சார், இப்ப கால்வாய் போட்டாச்சு"ன்றார். தெருமுனைல இஸ்திரி போடுற அண்ணன்கிட்ட கேட்டேன், ஒண்ணும் பேசாம பக்கத்து வீட்டு சுவத்துல ஜன்னலுக்கு மேல கைய வச்சு காட்டினார். அடையாறு பொங்கினப்ப இங்க படகு விட்டாங்கன்னு நாம டிவில பாத்ததுதான், இருந்தாலும் அந்த கைய பாத்ததும் வயித்த கலக்கிருச்சு. போதாக்குறைக்கு ரோடு போட்டு போட்டு வாசலே ரோட்டுக்கு கீழ இருக்கு, வீட்டுக்குள்ள இறங்கித்தான் போகணும்.

அம்மாவுக்கு மாடி வேணாம், மண்ணு வேணும். வீட்டுக்காரிக்கு ட்ரெயின் வேணும். எனக்கு யுடிஎஸ், அதாவது நிலத்துல நம்ம பங்கு, கம்மியா இருக்கேன்னு பிளாட் மேல ஒரு மனக்குறை, ஆனா ஐப்பசி கார்த்திகைல நிம்மதியா தூங்கணும்ல. கிட்டத்தட்ட பெருங்களத்தூர்னு முடிவு பண்ணிட்டேன், வில்லங்க சான்றிதழ் போட்டு பாத்துட்டு அட்வான்ஸ்.

அந்தப் பக்கம் இருக்குறவங்க கோடைல போர் தண்ணி எப்படின்னு மட்டும் சொல்லுங்கப்பா. அம்மாகிட்ட லிப்ட் இருக்குன்னு சொல்லி வச்சிருக்கேன், அவங்க இன்னும் என்கிட்ட பேசல.