வானத்தில் கதவு திறக்காது

விமானப் பராமரிப்பு வேலையில் இருக்கிறவன் பக்கத்தில் உட்கார்ந்து படம் பார்ப்பது கொஞ்சம் கஷ்டம்தான். வாயை மூடச் சொல்லிச் சொல்லி வீட்டில் அலுத்துவிட்டார்கள்.

படத்தில் நாலு இன்ஜின் ஜம்போ விமானம் கிளம்பும். மேகத்துக்கு மேலே போனதும் இன்ஜின் இரண்டாகிவிடும். தரையிறங்கும்போது வேறு கம்பெனி விமானமே வந்து நிற்கும். சில சமயம் காட்சியை இடவலமாகத் திருப்பிப் போட்டிருப்பார்கள். இடது இறக்கை நுனியில் சிவப்பு விளக்கு, வலதில் பச்சை என்பதுதான் விதி. மாறியிருந்தால் எடிட்டர் கைவேலை. சரி, போகட்டும். கையில் கிடைத்த துண்டுக் காட்சியை ஒட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான். 1980-இல் வந்த 'ஏர்பிளேன்!' படத்தில் ஜெட் விமானத்துக்கு வேண்டுமென்றே புரொப்பெல்லர் சத்தம் வைத்து, இந்த வழக்கத்தையே கிண்டல் செய்திருப்பார்கள்.

என்னால் சும்மா இருக்க முடியாதது கதவு விஷயத்தில்தான். 35,000 அடி உயரத்தில் வில்லன் கைப்பிடியை ஒரு திருகு திருகுவான், கதவு பறக்கும். அந்த உயரத்தில் வெளியே காற்றழுத்தம் தரையில் இருப்பதில் கால்வாசிதான். உள்ளே அதைவிட எவ்வளவோ அதிகம். அந்த வித்தியாசம், சதுர மீட்டருக்கு 5 டன்னுக்கு மேல், உள்பக்கமிருந்து அடைப்பான் மாதிரி உட்கார்ந்திருக்கும் கதவைச் சட்டத்தோடு அழுத்திப் பிடித்திருக்கும். எந்தப் பயில்வானாலும் அசைக்க முடியாது. 2023-இல் தென்கொரியாவின் தேகு நகரில் ஒரு பயணி நிஜமாகவே கதவைத் திறந்தாரே என்பீர்கள். அப்போது விமானம் இறங்கிக்கொண்டிருந்தது, தரைக்கு மேல் சுமார் 700 அடி. அழுத்த வித்தியாசம் அனேகமாக இல்லை, அதனால் திறந்தது.

அப்புறம் துப்பாக்கிக் குண்டு. சின்ன ஓட்டை வழியாக ஆளையே உறிஞ்சி எடுப்பதாகக் காட்டுவார்கள். விமானத்தின் உடம்பில் காற்றை வெளியேற்றும் வால்வு ஏற்கெனவே இருக்கிறது. குண்டுத் துளையைவிடப் பல மடங்கு பெரியது. ஓட்டையில் போகும் காற்றுக்கு ஈடாக வால்வு கொஞ்சம் மூடிக்கொண்டால் கணக்கு சரியாகிவிடும். 1988-இல் ஹவாயில் அலோஹா கம்பெனி விமானத்தின் முன்பக்கக் கூரை பெரிய துண்டாகப் பிய்ந்து போனது. ஒரு பணிப்பெண் உயிரிழந்தார், ஆனால் விமானம் உடையாமல் மாவி தீவில் இறங்கியது.

இன்னொன்று, இன்ஜின் நின்றவுடன் மூக்கைக் குத்திக்கொண்டு விழுவது. ஆகஸ்ட் 2001-இல் ஏர் டிரான்சாட் கம்பெனியின் ஏ330 ரக விமானம் ஒன்றில் எரிபொருள் கசிந்து, அட்லாண்டிக்குக்கு மேலே இரண்டு இன்ஜினும் அணைந்தன. கிட்டத்தட்ட 19 நிமிடம் சறுக்கியே அசோர்ஸ் தீவில் இறங்கியது. 306 பேரும் பிழைத்தார்கள். பின்னணி இசை போடாமல், அந்த 19 நிமிடத்தை வெட்டாமல் யாராவது எடுத்தால் முதல் காட்சிக்கே டிக்கெட் வாங்கிவிடுவேன். வாயையும் மூடிக்கொண்டிருப்பேன்.