புல்வெளியில் பென்டிமெத்தலின்: மூன்றாம் ஆண்டில் கைகூடிய தெளிப்பு

களை விதை முளைவிடும்போதே அடக்கும் பென்டிமெத்தலின் என்ற களைக்கொல்லியைத் தெளித்து இன்றோடு 45 நாட்கள் ஆகின்றன. காலையில் ஓரடிக்கு ஓரடி மரச்சட்டத்தைப் புல்வெளியில் பத்து இடங்களில் வைத்து, அதற்குள் முளைத்திருந்த களைகளை எண்ணினேன். பத்து இடங்களிலும் சேர்த்து நான்கே களைகள். அவற்றிலும் மூன்று கோரை. சென்ற ஆண்டு இதே கார்த்திகையில் ஒரே சட்டத்துக்குள் முப்பதுக்கு மேல் எண்ணிவிட்டு, அதற்கு மேல் எண்ண மனம் இல்லாமல் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் வந்தவள் நான். இரண்டு ஆண்டுகள் தோற்ற பிறகு கிடைத்த பலன் என்பதால், எது தவறியது, எது சரியானது என்பதை மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

காரைக்குடிக்கு அருகே பள்ளத்தூரில் எங்கள் பழைய வீட்டு முகப்புக்கு எதிரே 5 சென்ட் அளவில் கொரியன் புல் இருக்கிறது. பதித்து நான்கு ஆண்டுகள் ஆயின. மேலே செம்மண், ஒன்றரை அடி தோண்டினால் செம்புராங்கல். சித்திரை முழுவதும் செத்ததுபோல் கிடக்கும் இந்த மண், ஐப்பசியில் இரண்டு நல்ல மழை விழுந்தால் போதும், மத்தங்காய்ப் புல், அம்மான் பச்சரிசி, கீழாநெல்லி, சாரணை என்று தனக்குள் வைத்திருந்த விதைகளையெல்லாம் ஒரே வாரத்தில் முளைக்கவிட்டுவிடும். விதையில் பெரும்பங்கு நானே கொண்டுவந்து கொட்டியது என்பதையும் சொல்ல வேண்டும். புல் பதித்த புதிதில் இரண்டு வண்டி ஆட்டெரு போட்டேன். மேயும் ஆட்டின் வயிற்றில் எத்தனையோ விதைகள் சாகாமல் வெளியே வரும் என்பதைச் சீமைக்கருவேலங்கன்றுகள் புல்வெளி நடுவில் தலைநீட்டியபோதுதான் உணர்ந்தேன். இப்போது நன்றாக மக்கிச் சூடு ஆறிய தொழு உரத்தைச் சலித்துத்தான் தூவுகிறேன்.

முதல் ஆண்டு, வயலுக்குப் போடுவதுபோல மருந்தை மணலில் கலந்து தூவினேன். தேங்கிய நீரில் மணல் விழுந்து மருந்து தானாகப் பரவும் நெல் வயலுக்கு அது பொருந்தலாம். வறண்ட புல்வெளியில் பொருந்தாது. மணல் விழுந்த இடம் சுத்தமாகவும், கையளவு தள்ளி விழாத இடம் காடாகவும் இருந்தது. இரண்டாம் ஆண்டு கைத்தெளிப்பானில் தெளித்தேன். ஆனால் பூச்சிமருந்துக்கு உள்ள கூம்பு நாசிலையே மாட்டினேன், அதுவும் காலை பத்து மணி வெயிலில். அன்று மதியம் மின்சாரம் போய் மோட்டார் ஓடவில்லை. மருந்தை மண்ணுக்குள் இறக்கத் தண்ணீர் விட்டது மூன்றாம் நாள். பென்டிமெத்தலின் வெயிலில் சிதையும், காற்றில் ஆவியாகும் இயல்புடையது. மண்ணின் மேல் அது கிடந்த அந்த இரண்டு பகலில் எவ்வளவு போயிற்றோ, மிஞ்சியது களைக்குப் போதவில்லை.

தெளிக்கும் காலத்தைப் பற்றி ஒரு சொல். அமெரிக்கப் புல்வெளிக்காரர்கள் எழுதியதைப் படித்தால், வசந்தத்தில் மண்ணின் வெப்பம் 55 டிகிரி ஃபாரன்ஹீட்டை, அதாவது ஏறத்தாழ 13 டிகிரி செல்சியஸை எட்டும்போது தெளிக்கச் சொல்வார்கள். அங்கே குளிர் விலகுவது விதைக்கு அழைப்பு. நம் மண் அந்தக் குளிரைக் கண்டதே இல்லை. இங்கே விதையை எழுப்புவது ஈரம் ஒன்றுதான். ஆகவே நான் பார்ப்பது வடகிழக்குப் பருவமழையை. இந்த ஆண்டு புரட்டாசிக் கடைசி வாரத்தில், அடுத்த இரண்டு நாட்களுக்குப் பெருமழை இல்லை என்று வானிலை அறிவிப்பில் உறுதி செய்துகொண்டு தெளித்தேன். அதற்கு முந்தைய வாரமே ஏற்கெனவே முளைத்திருந்த களைகளை வேரோடு பிடுங்கி, புல்லைக் குட்டையாக வெட்டி, வெட்டிய புல்லை ஒரு துரும்பு விடாமல் வாரி எடுத்தாயிற்று. முளைத்து நிற்கும் செடியை இந்த மருந்து ஒன்றும் செய்யாது. காய்ந்த புல் மூடிக் கிடந்தால் மருந்து அதன் மேலேயே தங்கிவிடும்.

இனி நாசில். மூன்று ஆண்டுகளில் நான் கற்றதில் பாதி இதைப் பற்றியதுதான். கூம்பு நாசில் நுண்ணிய துளிகளை வளையமாகச் சுழற்றித் தள்ளும். இலையின் மேலும் கீழும் படிய வேண்டிய பூச்சிமருந்துக்கு அது சரி. மண்ணின் மேல் இடைவெளி இல்லாத ஒரு போர்வையாக விழ வேண்டிய களைக்கொல்லிக்கு வேண்டியது தட்டையாக விரியும் விசிறி நாசில். காரைக்குடியில் நான் ஏறி இறங்கிய கடைகளில் எல்லாம் கூம்பு நாசிலையே நீட்டினார்கள். "இதுலயே அடிக்கலாம்மா, எல்லாரும் இதுலதான் அடிக்கிறாங்க" என்ற பதில்தான் கிடைத்தது. கடைசியில் மதுரையில், தெளிப்பான் உதிரிபாகங்கள் மட்டும் விற்கும் ஒரு சிறு கடையில் பித்தளை விசிறி நாசில் இரண்டு வாங்கினேன். அலைந்த அலைச்சலுக்கு அது ஈடு செய்துவிட்டது.

விசிறி நாசிலின் நடுவில் நீர் கனமாகவும் இரு ஓரங்களில் மெல்லியதாகவும் விழும். ஒரு வரியின் ஓரம் அடுத்த வரியின் ஓரத்தோடு மூன்றில் ஒரு பங்காவது கலந்தால்தான் அளவு சமமாகும். எவ்வளவு கலக்கிறது என்பதைப் புல்லின் மேல் பார்க்க முடியாது. அதனால் தட்டோடு எனும் தட்டையான சுட்ட ஓடுகள் பதித்த மொட்டைமாடியில் பத்தடிக்குப் பத்தடி சுண்ணாம்புக்கோடு போட்டு, வெறும் தண்ணீரால் பழகினேன். சிவந்த தட்டோட்டில் ஈரம் கறுத்துத் தெரியும். வெயில் ஏற ஏற, நீர் குறைவாக விழுந்த பட்டை முதலில் வெளுக்கும், அதிகமாக விழுந்த பட்டை கடைசிவரை கறுத்தே கிடக்கும். முதல் நாள் என் மாடி வரிக்குதிரையின் முதுகுபோல இருந்தது. நாசிலை ஒன்றரை அடி உயரத்தில் பிடித்து, கையை இடவலமாக ஆட்டாமல், நேராக நடந்தால் மட்டுமே முழுச் சதுரமும் ஒன்றுபோலக் காய்கிறது. கையை ஆட்டும் பழக்கத்தை விடுவதற்கே நான்கு நாட்கள் ஆயின.

அளவுக் கணக்கையும் அதே சதுரத்தில்தான் பார்த்தேன். பயிர்களுக்குப் பரிந்துரைக்கும் 30 சதவீத பென்டிமெத்தலின் எக்டேருக்கு 3.3 லிட்டர், தண்ணீர் 500 லிட்டர். ஒரு எக்டேர் 247 சென்ட் என்பதால், சென்டுக்கு 13 மில்லிக்குச் சற்றுக் கூடுதலான மருந்தும் 2 லிட்டர் தண்ணீரும் வருகின்றன. நூறு சதுர அடிக்குத் தண்ணீர் ஏறத்தாழ 465 மில்லி. தெளிப்பானில் 3 லிட்டர் ஊற்றி, சதுரத்தை ஒரு முறை நனைத்து, மீதியை அளந்தால் செலவானது தெரிந்துவிடும். முதல் முறை 720 மில்லி செலவாகியிருந்தது, அதாவது ஒன்றரை மடங்கு! அப்படியே போய்த் தெளித்திருந்தால் மருந்தும் ஒன்றரை மடங்கு விழுந்திருக்கும். பத்தடியைப் பதினான்கு நொடியில் நடந்துகொண்டிருந்தேன். ஒன்பது நொடிக்குக் கொண்டுவந்தபோது செலவு 460-க்கும் 480-க்கும் இடையில் நின்றது. பேட்டரி தெளிப்பானாக இருந்தாலும் சார்ஜ் இறங்கும்போது அழுத்தமும் இறங்குவதால், முழுச் சார்ஜில் மட்டுமே தெளிக்கிறேன்.

தெளித்த அன்று 5 சென்டுக்கு உரிய 67 மில்லி மருந்தை இரண்டு பங்காக்கி, ஒவ்வொரு பங்கையும் 10 லிட்டர் தண்ணீரில் கலந்தேன். முதல் 10 லிட்டர் கிழக்கு மேற்காக, அடுத்த 10 லிட்டர் தெற்கு வடக்காக. ஒரு திசையில் விட்ட இடத்தை மறு திசை மூடிவிடுகிறது. நேரம் மாலை ஐந்து மணி. மஞ்சள் கலந்த அந்தப் பால்நிறக் கரைசல் சிமென்டில் பட்டால் கறை போகாது. நடைபாதை ஓரங்களைப் பழைய சாக்கால் மூடிவிட்டுத்தான் ஆரம்பித்தேன். தெளித்து முடித்த உடனே தெளிப்பு நீர் குழாயைத் திறந்துவிட்டேன். அடி தட்டையான பால்பவுடர் டின்கள் ஆறை அங்கங்கே வைத்து, எல்லாவற்றிலும் ஏறத்தாழ 12 மில்லிமீட்டர் நீர் சேரும் வரை, ஐம்பது நிமிடம் விட்டேன். மருந்து மண்ணுக்குள் ஒரு விரலளவுகூட இறங்கத் தேவையில்லை; விதை முளைக்கும் மேல்மண்ணில் படிந்து நின்றால் போதும்.

இந்த மருந்து விதையை முளைக்கவிடாமல் தடுக்கிறது என்றே பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் விதை முளைக்கத்தான் செய்கிறது. வேர்நுனியில் செல்கள் பிரிவதைத்தான் மருந்து நிறுத்துகிறது. பன்னிரண்டாம் நாள் ஓர் ஓரத்தில் மண்ணைக் கிளறி, வெளிறிய மத்தங்காய்ப் புல் முளை ஒன்றை எடுத்துப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். நூலாக நீண்டிருக்க வேண்டிய வேர் எள்ளளவில் நின்று, நுனி தீக்குச்சித் தலைபோலப் பருத்திருந்தது. பக்கவேர் ஒன்றுகூட இல்லை. அன்று இரவு எனக்கு மிகுந்த நிறைவாக இருந்தது.

மண்ணில் படிந்த அந்த மருந்துப் போர்வை கிழிந்தால் என்ன ஆகும் என்பதற்கும் இந்த ஆண்டே சான்று கிடைத்துவிட்டது. இருபதாம் நாள் தண்ணீர்க்குழாய் ஒன்று உடைந்து, புல்வெளியின் குறுக்கே இருபதடி நீளத்துக்குப் பள்ளம் தோண்டி மூட வேண்டியதாயிற்று. அடிமண் மேலே வந்தது, மருந்து படிந்த மண் கீழே போயிற்று. அடுத்த மழையில், பள்ளம் போன வழியே அளவெடுத்ததுபோல் களை முளைத்தது. வாரம் ஒரு முறை களை எடுக்க வரும் அம்மா அதைப் பார்த்துவிட்டு, "என்ன ஆச்சி, இந்த ஒரு கோட்டுல மட்டும் விதை போட்டு வச்ச மாதிரி மொளச்சிருக்கு?" என்றார். அவரிடம், தெளித்த இடத்தில் களைக்கொத்தியால் கொத்தாமல் கையால் மட்டும் பிடுங்கச் சொல்வதன் காரணத்தை, மூன்று ஆண்டுகளில் முதன்முறையாக விளங்கும்படி என்னால் காட்ட முடிந்தது.

வேப்பமரத்தடியில் மூன்றடிக்கு நான்கடி வெற்றிடம் ஒன்று இருந்தது. மழையில் புல் ஓடி அதை மூடிவிடும் என்று எண்ணி அங்கும் தெளித்தது என் பிழை. புல்லின் ஓடுதண்டுகள் அந்த இடத்துக்குள் நீண்டன. ஆனால் கணுவில் விட்ட வேர்கள் குட்டையாகப் பருத்து மண்ணைப் பிடிக்காமல் நின்றன, இழுத்தால் கையோடு வந்தன. களையின் வேருக்குச் செய்வதையே புல்லின் புதுவேருக்கும் மருந்து செய்கிறது. புதிதாகப் பதித்த புல்லுக்கும், புல் ஓடி மூட வேண்டிய இடத்துக்கும் இது ஆகாது. அடுத்த முறை ஆடியிலேயே வெற்றிடங்களில் புல்லைப் பதித்து, அந்தப் பகுதியை மட்டும் விட்டுவிடப்போகிறேன்.

இந்த 5 சென்ட் கணக்கில் சேராத வடக்கு ஓரத்தில் பத்தடி அகலத்தை வேண்டுமென்றே தெளிக்காமல் விட்டேன். எங்கள் தெருவின் மழைநீர் அந்த ஓரக் கால்வாய் வழியாக ஊரணிக்குப் போகிறது. பென்டிமெத்தலின் மண்ணோடு ஒட்டிக்கொள்ளும்; மண் அரித்து ஓடினால் அதுவும் கூடவே ஓடும், மீன்களுக்கு அது நஞ்சு. ஊரணி நீரைக் காப்பதற்காகத் தெருவையே சரிவு பார்த்து அமைத்த ஊரில் இருந்துகொண்டு, புல்லின் அழகுக்காக அதில் மருந்தைக் கலக்க எனக்கு உரிமை இல்லை. அந்தப் பத்தடியில் கையால்தான் களையெடுப்பு. இந்த ஆண்டு ஒப்பிட்டுப் பார்க்கவும் அதுவே உதவியது.

மருந்து வாங்கும்போது ஒரு தொல்லை. எனக்கு வேண்டியது 67 மில்லி. கிடைத்த சிறிய புட்டி அரை லிட்டர். கடைக்காரர் தண்ணீர் பாட்டிலில் கொஞ்சம் ஊற்றித் தருவதாகச் சொன்னார், மறுத்துவிட்டேன். விவரச்சிட்டை (லேபிள்) இல்லாத பாட்டிலில் மஞ்சள் மருந்து வீட்டுக்குள் வரக்கூடாது. முழுப்புட்டியாக வாங்கி, மீதியைப் பூட்டிய அலமாரியில் வைத்திருக்கிறேன். அந்தச் சிட்டையில் பருத்தி, நிலக்கடலை போன்ற பயிர்கள்தான் உள்ளன, புல்வெளி இல்லை. அதனால்தான் முழுப் பரப்பிலும் தெளிக்கும் முன் ஒரு மூலையில் மூன்று வாரம் சோதித்துப் பார்த்தேன். தெளிப்பானையும் இரவல் வாங்குவதில்லை. பச்சைச் செடி எதையும் கொல்லும் கிளைபோசேட் அடித்த தெளிப்பானில் மிச்சம் இருந்தால், காப்பாற்ற வேண்டிய புல்லே கருகிவிடும்.

மிஞ்சியிருப்பது கோரை. அது விதையைவிடக் கிழங்கை நம்பி வாழ்வதால், இந்தப் போர்வையைத் துளைத்துக்கொண்டு வந்துவிடுகிறது. பிடுங்கினால் தண்டு அறுந்து கிழங்கு உள்ளேயே நிற்கிறது. கரும்பில் கோரைக்கு அடிக்கும் ஹாலோசல்ஃப்யூரான் மீத்தைலை ஒரு சிறு சதுரத்தில் சோதிக்க எண்ணியிருக்கிறேன். மாசியில் குளிர் விலகிக் கோரை துளிர்க்கும்போதுதான் அதற்கு நேரம். அதற்குப் பின், கோடை மழைக்காகச் சித்திரையில் அடிக்க வேண்டிய இரண்டாம் தெளிப்புக்கு, நுண்ணுறைகளில் அடைத்து வரும் 38.7 சதவீத வகையை வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். அது ஆவியாவது குறைவு, கறையும் குறைவு. செறிவு வேறு என்பதால் சென்டுக்கு எத்தனை மில்லி என்ற கணக்கை முதலிலிருந்து போட வேண்டும். சுண்ணாம்புக்கோடு மழையில் கரைந்துவிட்டது. தை பிறந்ததும் மாடியில் புதிதாகப் போட வேண்டும்.