போரோடினோவில் ஒரு விடியற்காலை

தால்ஸ்தோய் எழுதி, டி.எஸ். சொக்கலிங்கம் தமிழாக்கிய ‘போரும் வாழ்வும்’ நாவலைக் கல்லூரி நாட்களில் வாசித்தபோது, போரோடினோச் சண்டை வரும் பக்கங்களில் எனக்குத் திசையே பிடிபடவில்லை. எந்தக் குன்று யாருக்கு இடப்பக்கம், ஆறு எங்கே குறுக்கிடுகிறது என்பதையெல்லாம் விட்டுவிட்டு, வெள்ளைத் தொப்பியோடு பீரங்கிகளுக்கு நடுவே அலையும் நாயகன் பியரின் பின்னாலேயே போய்விட்டேன். அந்தக் குறையைத் தீர்த்துக்கொள்ளவே ஒரு செப்டம்பரில் மாஸ்கோவிலிருந்து மேற்கே ஏறத்தாழ 120 கிலோமீட்டர் ரயிலில் சென்றேன்.

முதல் பார்வைக்கு அது வெறும் புல்வெளிதான். 1812 செப்டம்பர் 7 அன்று, அக்கால ரஷ்ய நாட்காட்டிப்படி ஆகஸ்ட் 26 அன்று, நெப்போலியனின் பிரெஞ்சுப் படையும் தளபதி குதூஸவின் ரஷ்யப் படையுமாக இரண்டரை லட்சம் பேர் இங்கே மோதினார்கள். இருட்டுவதற்குள் ஏறத்தாழ 70,000 பேர் செத்தோ காயம்பட்டோ விழுந்தார்கள். ரயேவ்ஸ்கி பீரங்கி மேட்டின் மீது 1839இல் எழுப்பிய நினைவுத்தூணை 1932இல் இடித்துவிட்டு, 1987இல் மீண்டும் கட்டியிருக்கிறார்கள். பியர் அன்று நின்றது இந்த மேட்டில்தான். இங்கிருந்து தெற்கே நடந்தால், போரில் இறந்த தளபதி துச்கோவின் மனைவி மார்கரீத்தா, கணவரின் உடலைத் தேடியும் கிடைக்காமல், அவர் விழுந்த இடத்தில் கட்டிய தேவாலயமும், அதைச் சுற்றி வளர்ந்த கன்னிமடமும் நிற்கின்றன. அங்கே நான் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். நாவலில் இளவரசர் ஆந்திரேய் குண்டுபட்டு விழும் இடமும் செம்யோனவ்ஸ்கோயே ஊருக்குப் பின்னால், இதே பக்கத்தில்தான் வருகிறது.

தால்ஸ்தோய் 1867 செப்டம்பரில், போர் முடிந்து 55 ஆண்டுகள் கழித்து, மனைவி சோஃபியாவின் பன்னிரண்டு வயதுத் தம்பியை அழைத்துக்கொண்டு இங்கே வந்தார். இரண்டு நாட்கள் சுற்றினார். ஊர்களையும் தொடுவானத்தையும் சூரியன் செல்லும் வழியையும் படமாகக் குறித்துக்கொண்டார். உடல்நலமும் நிம்மதியும் கிடைத்தால் இதுவரை எவரும் எழுதாத போரோடினோவை எழுதிவிடுவேன் என்று மனைவிக்குக் கடிதமும் எழுதினார். செவஸ்தபோல் முற்றுகையில் பீரங்கிப்படை அதிகாரியாக இருந்தவருக்குப் போர் புதிதன்று. ஆயினும் நிலத்தைக் கண்ணால் பார்க்காமல் எழுத அவருக்கு மனம் ஒப்பவில்லை. ரஷ்யப் படை முன்கூட்டியே தேர்ந்து அரண் செய்த இடத்தில் போரிட்டது என்னும் வரலாற்றாசிரியர்களின் கூற்றை மறுத்து, ஷெவார்தினோ காவலரண் வீழ்ந்ததும் படையணி அவசரமாக இடம் மாறியதை விளக்க, நாவலுக்குள்ளேயே ஒரு வரைபடத்தையும் வைத்தார். கல்லூரி நாட்களில் நான் புரட்டித் தள்ளிய பக்கம் அது. அந்தப் பக்கத்தை இம்முறை ஷெவார்தினோவை நேரே பார்த்தபடி வாசித்தேன். சொக்கலிங்கம் ‘அமைதி’ என்று எழுதாமல் ‘வாழ்வு’ என்று எழுதியது எவ்வளவு நுட்பமான தேர்வு என்பதும் அப்போதுதான் மனதில் பட்டது. ரஷ்ய மூலத் தலைப்பிலுள்ள ‘மீர்’ என்னும் சொல்லுக்கு அமைதி என்று பொருள்; அதே ஒலிக்கு ரஷ்ய மொழியில் உலகம் என்றும் பொருள் உண்டு.

மறுநாள் விடியுமுன் கோர்க்கி மேட்டுக்கு நடந்தேன். குதூஸவ் இருந்த இடம். போர்க்காலையில் பியர் முதலில் ஏறிய இடம். கொலோச்சா ஆற்றின் மேல் பனி படர்ந்திருந்தது. மேற்கு நோக்கி நின்றேன். நாவலில் சொல்லியிருப்பது போலவே, சூரியன் எனக்குப் பின்னால், சற்றே இடப்பக்கமாக எழுந்தது.