வரைபடம் ஏன் எதிர்த்திசையில் நகர்கிறது?

எஃப்(எக்ஸ்) என்பது ஒரு சார்பு, அதாவது உள்ளே போகும் எக்ஸ் என்ற எண்ணுக்கு ஒரு விடை தரும் விதி. எஃப்(எக்ஸ்) + 3 என்றால் அதன் வரைபடம் 3 அலகு மேலே ஏறுகிறது. எஃப்(எக்ஸ் + 3) என்றால் 3 அலகு இடப்பக்கம் போகிறது. இரண்டிலும் கூட்டல் குறிதான், ஆனால் ஒன்று சொன்ன பக்கம் போகிறது, மற்றது எதிர்ப்பக்கம் போகிறது. "அடைப்புக்குள் இருந்தால் தலைகீழ்" என்று மனப்பாடம் செய்துவைத்தால் எளிய கணக்குகளுக்குப் போதும். நகர்த்தலும் சுருக்கமும் எதிரொளிப்பும் சேர்ந்து வரும்போது அந்த மனப்பாடம் காலை வாரிவிடும்.

காரணம் சார்புகளின் சேர்ப்பில், அதாவது ஒன்றின் விடையை மற்றதற்குள் கொடுப்பதில், இருக்கிறது. எஃப்(எக்ஸ் + 3) என்பது இரண்டு சார்புகளின் சேர்ப்பு. உள்ளே போகும் எண்ணுடன் முதலில் 3 கூடும், அதன் பிறகுதான் அது எஃப்-இடம் போய்ச் சேரும். எஃப்-க்கு 0 கிடைக்க வேண்டுமானால் நாம் −3 கொடுத்தாக வேண்டும். அதனால் முன்பு 0-க்கு நேரே இருந்த புள்ளியை இப்போது −3-க்கு நேரே பார்க்கிறோம். வெளியே உள்ள + 3 அப்படியில்லை. எஃப் தன் வேலையை முடித்துத் தந்த விடையோடு அது நேராகக் கூடுகிறது. ஆக, வெளியே இருப்பதைச் சொன்ன வரிசையில் செய்ய வேண்டும். உள்ளே இருப்பதைக் கடைசியிலிருந்து ஒவ்வொன்றாக அவிழ்க்க வேண்டும்.

5 − 3√(2எக்ஸ் + 6) வரைபடத்தை எடுத்துக்கொள்வோம். அடிப்படை வரைபடம் வர்க்கமூலம். அதில் (0, 0), (1, 1), (4, 2), (9, 3) என்ற நான்கு புள்ளிகள் போதும். வர்க்க எண்களாக எடுத்தால் தசமம் குறையும். உள்ளே நடப்பது: 2-ஆல் பெருக்கு, பிறகு 6 கூட்டு. அவிழ்க்கும்போது முதலில் 6-ஐக் கழித்து, பிறகு 2-ஆல் வகுக்க வேண்டும். 0, 1, 4, 9 ஆகியவை −3, −2.5, −1, 1.5 என்று மாறும். வெளியே: முதலில் −3-ஆல் பெருக்கு, பிறகு 5 கூட்டு. 0, 1, 2, 3 ஆகியவை 5, 2, −1, −4 ஆகும். புதிய புள்ளிகள் (−3, 5), (−2.5, 2), (−1, −1), (1.5, −4). மதிப்பகம் (உள்ளே கொடுக்கக்கூடிய எண்கள்) −3-உம் அதற்கு மேலும். வீச்சகம் (கிடைக்கும் விடைகள்) 5-உம் அதற்குக் கீழும்.

பெரும்பாலோர் தவறுவது உள்வரிசையில்தான். முதலில் பாதியாகச் சுருக்கிவிட்டு அதன்பின் 6 அலகு இடப்பக்கம் நகர்த்தினால் வளைவு −6-இல் தொடங்கும். அங்கே 2எக்ஸ் + 6-இன் மதிப்பு −6, வர்க்கமூலமே கிடையாது. சுருக்கத்தை முதலில் செய்யத்தான் வேண்டும் என்றால், உள்ளிருப்பதை 2(எக்ஸ் + 3) என்று காரணிப்படுத்திக்கொள்ளுங்கள். அப்போது பாதியாகச் சுருக்கி 3 அலகு நகர்த்தினால் சரியாக −3-க்கு வரும். வெளியேயும் இதே ஆபத்து உண்டு: 5-ஐ முதலில் கூட்டிவிட்டு −3-ஆல் பெருக்கினால் தொடக்கப்புள்ளி −15-க்கு இறங்கிவிடும்.

சைன் வளைவில் இந்தப் பிழை இன்னும் எளிதாக நுழையும். 2 சைன்(3எக்ஸ் − 90°) என்பதைப் பார்த்ததும் "90° வலப்பக்கம்" என்று எழுதத் தோன்றும். உண்மையில் நகர்வு 30° மட்டுமே, ஏனென்றால் 3(எக்ஸ் − 30°). காலம், அதாவது ஒரு முழு அலையின் நீளம், 360°-ஐ 3-ஆல் வகுத்து 120°. அதை நான்காகப் பிரித்தால் 30°, 60°, 90°, 120°, 150° என்ற இடங்களில் 0, 2, 0, −2, 0 என்ற மதிப்புகள் வரும். ஒரு முழு அலைக்கு இந்த ஐந்து புள்ளிகளே போதும்.

√(4 − எக்ஸ்) இன்னொரு கண்ணி. எதிரொளித்துவிட்டு இடப்பக்கம் 4 நகர்த்துவது தவறு. −(எக்ஸ் − 4) என்று எழுதினால், எதிரொளித்து வலப்பக்கம் 4 நகர்த்த வேண்டும் என்பது தெளிவாகும். சந்தேகம் வந்தால் 0-ஐப் போட்டுப் பாருங்கள். விடை 2. உங்கள் வளைவு (0, 2) வழியாகப் போகவில்லையென்றால் திசை தவறு. ஒரு புள்ளியைப் போட்டுப் பார்ப்பதைவிட நல்ல சோதனை இந்தப் பாடத்தில் இல்லை.

எதிர்ம எண்ணின் குறியை நீக்கி நேர்மமாக்கும் மட்டுச் சார்பைச் சேர்க்கும்போது உள்ளே, வெளியே என்ற வேறுபாடு வரைபடத்தின் உருவத்தையே மாற்றிவிடும். எக்ஸ்² − 4எக்ஸ் + 3 என்ற பரவளையம் கிடை அச்சை 1-இலும் 3-இலும் வெட்டுகிறது. முனை (2, −1). வெளியே மட்டு போட்டால் 1-க்கும் 3-க்கும் இடையே அச்சுக்குக் கீழே இருக்கும் துண்டு மட்டும் மேலே மடங்கி, அந்த முனை (2, 1)-க்குப் போகும். உள்ளே மட்டு போட்டால் இடப்பாதி முழுவதும் அழிந்து, வலப்பாதியின் பிம்பம் அங்கே வந்து அமரும். 0-இல் மதிப்பு 3. முனைகள் (2, −1), (−2, −1). வெட்டுமிடங்கள் −3, −1, 1, 3 என நான்கு. இந்த இரண்டையும் ஒரே தாளில் அடுத்தடுத்து வரைந்து பார்ப்பது மிகவும் பயன் தரும்.

எக்ஸ் + சைன் எக்ஸ் போன்ற கூட்டல்களில் இவ்வளவு சிக்கல் இல்லை. ரேடியனில் வரைந்தால், எக்ஸ் என்ற நேர்கோட்டுக்கு 1 அலகு மேலும் 1 அலகு கீழும் உள்ள இரு இணைகோடுகளுக்குள் வளைவு ஏறிப்போகும்.

சேர்ப்பில் கடைசியாகக் கவனிக்க வேண்டியது மதிப்பகம். எஃப் வர்க்கமூலம் எடுக்கிறது, ஜி வர்க்கப்படுத்தி 9 கழிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஜி முதலில் வந்தால் √(எக்ஸ்² − 9). −3-க்கும் 3-க்கும் நடுவே வரைபடமே இல்லை. எஃப் முதலில் வந்தால் விடை எக்ஸ் − 9 என்று சுருங்கும். உடனே நீளமாக ஒரு நேர்கோட்டை இழுத்துவிடாதீர்கள். எஃப் எதிர்ம எண்களை ஏற்பதில்லை. சுருக்கி எழுதினாலும் அந்தத் தடை மறைவதில்லை. ஆகவே கோடு (0, −9)-இல் நிரப்பிய புள்ளியோடு தொடங்கி, வலப்பக்கம் மட்டுமே போகும்.