பனி வழிக்கிற ட்ரக் உங்கள் வீதிக்கு எப்போது வரும்?

வீட்டு விலைக்குப் பயந்து, கனடாவில் டொராண்டோ வட்டாரத்து ஸ்காபரோ, மார்க்கம் பக்கமிருந்து ஒன்ராறியோ மாகாணத்தின் கிராமப்புறத்துக்குக் குடிபோன தமிழர்கள் இப்போது நிறையப் பேர். முதல் குளிர்காலத்தில் அவர்கள் எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான். "ஸ்நோ கொட்டி முடிஞ்சு எட்டு மணித்தியாலம் ஆச்சு, ஒருத்தரையும் காணேல்லை. வரி கட்டுறம்தானே?" கட்டுகிறோம்தான். ஆனால் எந்த வீதியில் எவ்வளவு பனியை எத்தனை மணித்தியாலத்துக்குள் வழிக்க வேண்டும் என்பதற்கு மாகாணத்தில் ஓர் அட்டவணை இருக்கிறது. அந்தக் கணக்கில் பெரும்பாலான கிராமத்து வீதிகளுக்கு எட்டு மணித்தியாலம் தாமதமே அல்ல.

முதலில் வீதி யாருடையது என்று பார்க்க வேண்டும். பெரிய ஹைவேக்கள் மாகாண அரசுடையவை, அவற்றைப் பராமரிப்பது அரசு அமர்த்திய ஒப்பந்தக்காரர்கள். அவற்றின் இலக்கப் பலகையில் கிரீடம் இருக்கும். மேலே அகலமாகவும் கீழே ஒடுக்கமாகவும், பூச்சாடி வடிவத்தில் இலக்கம் போட்ட பலகை இருந்தால் அது கவுண்டி வீதி, அதாவது பல ஊர்களைச் சேர்த்த மேல்மட்ட உள்ளூராட்சியின் வீதி. கன்செஷன், லைன், சைட்றோட் என்று பெயர் வைத்தவை பெரும்பாலும் டவுன்ஷிப் எனப்படும் கிராமத்து உள்ளூராட்சிக்குச் சொந்தம். மாகாணத்தின் 511 தளத்தைப் பார்த்துவிட்டு "வீதி நல்லாயிருக்காம்" என்று புறப்படுகிறவர்கள் உண்டு. அது மாகாண ஹைவேக்களின் நிலைமையைத்தான் சொல்கிறது, உங்கள் சைட்றோட் அதில் வராது. டவுன்ஷிப் அலுவலகத்துக்கு அழைத்துக் கவுண்டி வீதியைப் பற்றிச் சத்தம் போட்டாலும் பயனில்லை. ஒரே சந்தியில் ஒரு வீதி கறுப்பாகத் தெரிய, மற்றது வெள்ளையாகக் கிடப்பதற்கும் காரணம் இதுதான்.

அந்த அட்டவணை இருப்பது 239/02 என்ற இலக்கமுள்ள ஒழுங்குவிதியில். 2002இல் வந்தது, பிறகு சில தடவை திருத்தப்பட்டது. நாளொன்றுக்குச் சராசரியாக எத்தனை வாகனம் ஓடுகிறது, வேக வரம்பு என்ன, இந்த இரண்டையும் வைத்து ஒவ்வொரு வீதிக்கும் 1 முதல் 6 வரை ஒரு வகுப்பு கொடுக்கிறார்கள். ஊருக்கு வெளியே வேகப் பலகை இல்லாத வீதியில் வரம்பு 80 கி.மீ. அப்படியான வீதியில் 1,000 முதல் 5,000 வாகனம் வரை ஓடினால் 3ஆம் வகுப்பு. 50 முதல் 1,000 வரை என்றால் 4ஆம் வகுப்பு. 50க்கும் குறைவென்றால் நேராக 6ஆம் வகுப்புக்குப் போய்விடும், அதற்கு இந்த விதியில் எந்தத் தரமும் கிடையாது. உங்கள் வீடு எத்தனை மில்லியன் பெறுமதி, எவ்வளவு வரி கட்டுகிறீர்கள் என்பது கணக்கில் வராது.

1ஆம் வகுப்பில் பனி 2.5 செ.மீ.யைத் தாண்டினால் 4 மணித்தியாலத்துக்குள் குறைக்க வேண்டும். 2ஆம் வகுப்புக்கு 5 செ.மீ., 6 மணித்தியாலம். 3ஆம் வகுப்புக்கு 8 செ.மீ., 12 மணித்தியாலம். 4ஆம் வகுப்புக்கும் அதே 8 செ.மீ.தான், ஆனால் 16 மணித்தியாலம். 5ஆம் வகுப்புக்கு 10 செ.மீ., ஒரு முழு நாள். இதில் பலரும் கவனிக்காத விஷயங்கள் மூன்று. ஒன்று, மணிக்கூடு ஓடத் தொடங்குவது பனி கொட்டி ஓய்ந்த பிறகு, அதுவும் ஆழம் கூடிவிட்டது என்று நிர்வாகத்துக்குத் தெரிந்த பிறகு. கொட்டிக்கொண்டிருக்கும்போது "இயன்ற விரைவில்" ட்ரக்கை இறக்கினால் போதும். இரண்டு, குறைக்க வேண்டியது அந்த ஆழத்துக்கு, தார் தெரியும் அளவுக்கு அல்ல. 4ஆம் வகுப்பு வீதியில் 7 செ.மீ. பனி கிடந்தால் சட்டப்படி அது நல்ல வீதி. மூன்று, அகலம். 4ஆம், 5ஆம் வகுப்பு இருவழிப் பாதையில் மொத்தம் 5 மீட்டர் திறந்திருந்தால் போதும். எதிரே பால் டாங்கர் வந்தால் நீங்கள்தான் ஒதுங்க வேண்டும்.

ஐஸுக்குத் தனி நேரம் உண்டு: 3ஆம் வகுப்புக்கு 8 மணித்தியாலம், 4ஆவதுக்கு 12, 5ஆவதுக்கு 16. இவை தவிர, அக்டோபர் 1 முதல் ஏப்ரல் 30 வரை குறைந்தது நாளுக்கு மூன்று தடவை வானிலை பார்க்க வேண்டும் என்ற கடமையும் இருக்கிறது.

இந்த விதியை ஒரு சேவை வாக்குறுதி என்று நினைத்து வாசித்தால் ஏமாற்றம்தான். இது வழக்கு வந்தால் நகரசபை பிடித்துக்கொள்ளும் கேடயம். தரத்தைக் கடைப்பிடித்தோம் என்று காட்டிவிட்டால் பொறுப்பிலிருந்து தப்பலாம். ஹால்டன் பிராந்தியத்துக்கு எதிரான வழக்கில் 2011இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் இந்தக் கேடயத்தில் ஓட்டை போட்டது. பனி 5 செ.மீ.யை எட்டவில்லை என்பதற்காக வழுக்கலைப் பற்றி ஒன்றும் செய்யாமல் இருந்துவிட முடியாது என்றது தீர்ப்பு. 2013இல் விதியைத் திருத்தி அந்த ஓட்டையை அடைத்தார்கள். 2018 திருத்தத்தில் இன்னொன்றும் சேர்ந்தது: கடும் வானிலை என்று நிர்வாகம் அறிவித்துவிட்டால், அது முடிந்தது என்று அவர்களே சொல்லும்வரை மேலே சொன்ன மணிக்கணக்கு ஓடாது. புயலுக்கு முதல் நாள் டவுன்ஷிப் தளத்தில் வரும் அந்த இரண்டு வரி அறிவிப்பைச் சும்மா எச்சரிக்கை என்று தாண்டிப் போகாதீர்கள்.

இனி ட்ரக். கிராமங்களில் ஓடுவது பெரும்பாலும் பின்னால் இரட்டை அச்சுள்ள டாண்டம். முன்னால் ஒரு பிளேடு, வலப்பக்கம் இறக்கி விரிக்கக்கூடிய பக்கப் பிளேடான விங், பின்னால் மணலோ உப்போ தூவும் சக்கரம். புதிதாக வாங்கினால் 4 லட்சம் டாலர் அளவில் வரும், அதனால் சிறிய டவுன்ஷிப் எதுவும் ஒன்றைக் கூடுதலாக வாங்கிச் சும்மா நிறுத்திவைப்பதில்லை. ஒரு ட்ரக் தன் பாதையை ஒரு சுற்றுச் சுற்றி முடிக்க நான்கு மணித்தியாலம் என்று வையுங்கள். மணிக்கு 3 செ.மீ. கொட்டினால், அது திரும்பி வரும்போது முதலில் வழித்த வீதியில் 12 செ.மீ. கிடக்கும். வந்து போனதற்கு ஓர் அடையாளமும் இருக்காது. "ஒருத்தரும் வரேல்லை" என்ற முறைப்பாடுகளில் கணிசமானவை இந்த ரகம். இப்போது பல ட்ரக்குகளில் ஜி.பி.எஸ். பதிவு இருப்பதால் அலுவலகத்தில் கேட்டால் எத்தனை மணிக்குப் போனது என்று சொல்லிவிடுவார்கள்.

உப்பு எல்லா இடத்துக்கும் மருந்தல்ல. ஒரு கிலோ உப்பு −1 பாகையில் 46 கிலோ ஐஸ் வரை உருக்கும். −7இல் எட்டு கிலோ சொச்சம். −12இல் ஐந்து கிலோகூட இல்லை, அதற்கும் நேரம் பிடிக்கும். இது காற்றின் வெப்பநிலை அல்ல, வீதி மேற்பரப்பின் வெப்பநிலை. அதனால்தான் மார்ச் மாத வெயிலில் வேலை செய்கிற உப்பு, ஜனவரி இரவில் அதே அளவு போட்டும் சும்மா கிடக்கிறது. ஹியூரான் ஏரிக்கு அடியில், கோடரிச்சில், உலகத்திலேயே பெரிய நிலத்தடி உப்புச் சுரங்கம் இருக்கிறது. உப்புக்கு அங்கே பஞ்சமில்லை. இருந்தும் அளந்துதான் போடுகிறார்கள், ஏனென்றால் கிராமத்தில் வீட்டுக்கு வீடு கிணறு. வீதி உப்பு வாய்க்காலில் இறங்கிக் கிணற்றுக்குப் போகும். ஆண்டுக்கு 500 டன்னுக்கு மேல் உப்புப் போடும் நிர்வாகங்கள் உப்பு முகாமைத் திட்டம் ஒன்று வைத்திருக்க வேண்டும் என்று 2004இல் வந்த கூட்டாட்சி அரசின் நடைமுறைக் கோவை சொல்கிறது. கொட்டில் போட்டு, கீழே நீர் புகாத தளம் போட்டு உப்பைக் குவித்து வைப்பதும் இதற்காகத்தான்.

குளிர் கூடினால் மணல். மணல் எதையும் உருக்காது, டயருக்குப் பிடிப்புக் கொடுக்கும், அவ்வளவுதான். அதில் 5 சதவீதம் அளவில் உப்புக் கலப்பார்கள், இல்லாவிட்டால் குவியலே இறுகிக் கல்லாகிவிடும். கலந்தும் தொல்லை தீராது. ஈர மணலை ஏற்றிய ட்ரக்கை இரவு வெளியே விட்டால் காலையில் பெட்டிக்குள் ஒரே கட்டி, அடியில் ஓடும் சங்கிலி அறுந்துவிடும். அதனால் வேலை முடிந்ததும் மிச்ச மணலைக் கொட்டிவிட்டுத்தான் சாரதி வீட்டுக்குப் போவார்.

தார் போடாத கிரவல் வீதி தனி உலகம். அதில் உப்புப் போடவே மாட்டார்கள். உப்புநீர் இறங்கினால் உறைந்திருந்த மேற்பரப்பு இளகிச் சேறாகும், வாகனம் ஓட ஓடக் குழி விழும். நவம்பர் மாதத்துப் பனிதான் கிரவல் வீதிக்குப் பெரிய சோதனை. நிலம் இன்னும் உறையவில்லை, பிளேடைத் தாழ்த்தி வழித்தால் பனியோடு கோடையில் காசு கொடுத்துக் கொட்டின கிரவலும் வாய்க்காலுக்குள் போய்விடும், ஓரத்து வீட்டுப் புல்தரையிலும் ஏறிவிடும். ஆகவே பிளேடுக்குக் கீழே சப்பாத்து என்கிற தாங்கியை மாட்டி, இரண்டு மூன்று செ.மீ. உயர்த்தி ஓட்டுவார்கள். அடியில் விடும் அந்தப் பனி அமுங்கி இறுகி வெள்ளைத் தளமாகிவிட்டால் வேலை சுலபம். அதை உரித்தெடுக்கச் சொல்லிக் கேட்பது புதிதாக வந்தவர்கள் செய்வது. பழைய ஆட்கள் அந்தத் தளம் நிலைக்கட்டும் என்றுதான் விரும்புவார்கள். மழை பெய்து அது கண்ணாடியானால் மட்டும் கிரேடரில் பல்லுள்ள பிளேடு போட்டுக் கீறிவிட்டு, மேலே மணல் தூவுவார்கள்.

வீட்டுக்காரருக்கு ஆத்திரம் வருவது ட்ரைவ்வே வாயில் பிளேடு விட்டுப்போகும் பனி வரம்பில்தான். அதைத் தவிர்க்கச் சாரதியால் முடியாது, ஒவ்வொரு வாசலிலும் பிளேடைத் திருப்ப நேரமும் இல்லை. ஆனால் உங்களால் குறைக்க முடியும். ட்ரைவ்வேயில் வீதியைப் பார்த்து நின்றால், உங்கள் பக்கத்து லேனில் ட்ரக் இடமிருந்து வலம் போகும். ஆகவே வாசலுக்கு இடப்பக்கம், வீதியோரத்தில், மூன்று மீட்டர் நீளத்துக்கு ஒரு பள்ளம் போலப் பனியை வெட்டி ஒதுக்குங்கள். பிளேடில் சேர்ந்துவரும் பனி அந்த இடத்தில் கொட்டுப்படும், வாசலுக்கு வரும்போது பிளேடில் பாதிதான் மிச்சம். வெட்டிய பனியை எப்போதும் வலப்பக்கம் குவியுங்கள். இடப்பக்கம் குவித்தால் அடுத்த சுற்றில் அவ்வளவும் திரும்ப உங்கள் வாசலுக்கே வரும்.

வெயில் எறிக்கிற நாளில், ஒரு துளி பனி இல்லாதபோது, ட்ரக் வந்து மறுபடி வரம்பு கட்டிவிட்டுப் போகும். வேண்டுமென்று செய்வதில்லை. ஓரத்துக் குவியலை விங்கால் பின்னுக்குத் தள்ளி, அடுத்த புயலுக்கு இடம் எடுக்கிறார்கள். அதைச் செய்யாமல் விட்டால் பெப்ரவரியில் பனி கொட்ட இடமில்லாமல் வீதி ஒடுங்கிவிடும்.

உங்கள் பனியை வீதிக்குக் குறுக்கே தள்ளி எதிர்க்காணியில் போடுவது நெடுஞ்சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 181ஆம் பிரிவில் குற்றம். அப்படித் தள்ளும்போது வீதியில் விட்டுப்போகும் சிறிய பனி வரம்பு இரவில் இறுகிவிட்டால் காரைத் தூக்கி வாய்க்காலில் போடும். தபால்பெட்டியை அதிகம் உடைப்பது ட்ரக் இடிப்பதல்ல, பிளேடு வீசும் ஈரப்பனியின் பாரம். கம்பத்தை உறுதியாக நட்டு, பெட்டியை அசைந்து கொடுக்கும்படி தொங்கவிட்டால் பிழைக்கும். குப்பைத்தொட்டியைக் காலையில் வையுங்கள், இரவில் வேண்டாம்.

கிரே, புரூஸ், ஹியூரான், டஃபரின் கவுண்டிகளில் பனி விழுவதைவிடக் காற்று அதை அள்ளிக்கொண்டு வருவதுதான் தொல்லை. வழித்த அரை மணித்தியாலத்தில் மூடிவிடும். அதற்குப் பனிவேலி கட்டுகிறார்கள். வேலியை வீதியோரத்தில் நட்டால் நிலைமை இன்னும் மோசமாகும், ஏனென்றால் பனி, காற்று வரும் பக்கத்தைவிட வேலியைத் தாண்டிய பக்கத்தில்தான் அதிகம் குவியும். உயரத்தைப்போல 35 மடங்கு தள்ளி நட வேண்டும் என்பது கணக்கு. 1.2 மீட்டர் வேலிக்கு 42 மீட்டர், அதாவது கமக்காரரின் வயலுக்குள். அடியிலும் உயரத்தில் பத்திலொரு பங்கு இடைவெளி வேண்டும், இல்லாவிட்டால் வேலியே புதைந்துவிடும். காணிக்காரர் சம்மதிக்காத இடத்தில் ஒன்றும் செய்ய முடியாது. அமெரிக்காவின் மினசோட்டாவில் சில வரிசைச் சோளத்தை அறுக்காமல் விடும் கமக்காரருக்கு மாநிலமே பணம் கொடுக்கிறது, எனக்குத் தெரிந்து இதைவிட மலிவான வேலி கிடையாது.

கண் தெரியாத அளவுக்குப் போனால் பொலிஸ் வீதியை மூடும், ட்ரக்குகளையும் திருப்பி அழைத்துவிடுவார்கள். தடுப்பைச் சுற்றிக்கொண்டு போகிறவர் மாட்டிக்கொண்டால் எடுக்க யாரும் வர முடியாது. நீல விளக்கு மின்ன முன்னால் போகும் ட்ரக்கை முந்தவும் வேண்டாம். அதன் விங் எதுவரை நீட்டியிருக்கிறது என்று அந்தப் பனிப்புகையில் தெரியாது.

வீடு வாங்குவதற்கு முன்னால் டவுன்ஷிப் கிளார்க்கிடம் கேட்க வேண்டிய கேள்வி: இந்த வீதி ஆண்டு முழுவதும் பராமரிக்கப்படுகிறதா, அதன் வகுப்பு என்ன? குளிர்காலப் பராமரிப்பு இல்லை என்று பலகை போட்ட பருவகால வீதிகளும், தனியார் வீதிகளும் நிறைய இருக்கின்றன. கோடையில் பார்க்க அழகாகத்தான் இருக்கும். பாடசாலை பஸ்ஸும் தீயணைப்பு வண்டியும் ஜனவரியில் எந்த இடம் வரை வரும் என்று கேட்டுவிட்டு ஒப்பமிடுங்கள்.

வீதியின் நிலையால் விபத்து நடந்தால், நகரசபைகள் சட்டத்தின் 44ஆம் பிரிவுப்படி 10 நாளுக்குள் கிளார்க்குக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் தாமதத்தை நீதிமன்றம் மன்னிக்கலாம், ஆனால் அதை நம்பி இருக்காதீர்கள். இடம், நேரம், படம் மூன்றையும் அன்றைக்கே எடுத்துவையுங்கள், அடுத்த சுற்று ட்ரக் வந்தால் சாட்சியம் வாய்க்காலுக்குள் போய்விடும்.