குடியும் மனச்சோர்வும் சேர்ந்தே இருந்த அண்ணனுக்கு உதவி தேடிய கதை

என் அண்ணனுக்குக் குடிநோயும் இருந்தது, மனச்சோர்வும் இருந்தது. எங்களை அலைக்கழித்தது இந்த 'உம்'தான். மனநல மருத்துவர் ஒருவரிடம் போனால், "முதல்ல குடியை நிறுத்திட்டு வாங்க, அப்புறம் பார்க்கலாம்" என்றார். குடிநோய் சிகிச்சை தரும் இடத்துக்குப் போனால், "இவருக்கு டிப்ரெஷன் இருக்கு, அதைச் சரிபண்ணிட்டு வாங்க" என்றார்கள். தூக்கம் வராததால் குடிக்கிறான், குடித்ததால் மறுநாள் இன்னும் இருண்டு போகிறான். இதில் எதை முதலில் நிறுத்துவது?

அதன்பிறகு எந்த இடமானாலும் போனிலேயே ஒரு கேள்வி கேட்க ஆரம்பித்தேன்: "ரெண்டும் சேர்ந்து இருக்கிறவங்களை ஒரே இடத்துல பார்ப்பீங்களா? மனநல மருத்துவர் இருக்காரா?" மழுப்பினால் அடுத்த எண். கடைசியில் "பார்ப்போம், கூட்டிட்டு வாங்க" என்று தயக்கமில்லாமல் சொன்ன இடத்தில்தான் அண்ணன் பிழைத்தான். உங்கள் வீட்டுக்காக நீங்கள் தேடிக்கொண்டிருந்தால், இந்தக் கேள்வியை விட்டுவிடாதீர்கள்.

அங்கே மருத்துவர் முதலில் அண்ணனை இரண்டு கைகளையும் நீட்டச் சொன்னார். விரல்கள் நடுங்குவதைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. பிறகு உலக சுகாதார நிறுவனம் உருவாக்கிய 'ஆடிட்' கேள்வித்தாளை எடுத்தார். பத்துக் கேள்விகள், மொத்தம் 40 மதிப்பெண். 20-ஓ அதற்கு மேலோ வந்தால் உடல் குடிக்கு அடிமையாகியிருக்க வாய்ப்பு அதிகம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். காலையில் எழுந்ததும் குடித்தால்தான் நிலைக்கு வர முடிகிறதா என்பது அதில் ஒரு கேள்வி. அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு "ஆமா சார்" என்றான். அடுத்து, "உயிரை விட்டுடலாம்னு தோணுதா?" என்று நேராகவே கேட்டார். எனக்கு நெஞ்சு பதறியது. இப்படிக் கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக வந்துவிடாது, மனதில் இருப்பதைச் சொல்ல வழிதான் கிடைக்கும் என்று பிறகு விளக்கினார். அண்ணன் அன்றுதான் முதன்முறையாக வாய்விட்டு அழுதான்.

வீட்டிலேயே அறையில் பூட்டிவைத்துக் குடியை நிறுத்திவிடலாம் என்று அண்ணிக்கு ஒரு யோசனை இருந்தது. மருத்துவர் கேட்டதும் பதறிவிட்டார். பல வருடம் தினமும் குடித்த உடம்பில் திடீரென்று நிறுத்தினால், சில மணி நேரத்திலேயே நடுக்கம், வியர்வை, படபடப்பு தொடங்கிவிடும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம், மூன்றாம் நாளில் சிலருக்கு ஆள் அடையாளம் தெரியாத குழப்பமும், இல்லாதது கண்ணுக்குத் தெரிவதும் வரும். டெலிரியம் ட்ரெமென்ஸ் என்ற இந்த நிலை உயிரையே பறிக்கக்கூடியது. அதனால் அண்ணனை உள்நோயாளியாகச் சேர்த்தார்கள். நடுக்கத்தையும் வலிப்பையும் அடக்கும் லோரசெபாம் மாத்திரையைக் கொடுத்துப் படிப்படியாகக் குறைத்தார்கள். கூடவே தயமின், அதாவது பி1 வைட்டமின் ஊசி. நீண்டநாள் குடியில் அது உடம்பில் வற்றிப்போயிருக்கும், மூளையைக் காக்க அது அவசியம் என்றார் செவிலியர். இரவு முழுக்க வந்து வந்து நாடி, ரத்த அழுத்தம், நடுக்கம் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டிருந்த அந்தப் பெண்ணுக்கு எங்கள் குடும்பமே கடன்பட்டிருக்கிறது.

நடுக்கம் நின்றதும் நோய் போய்விட்டதாக உறவினர்கள் நினைத்தார்கள். மனநிலை விஷயத்தில் மருத்துவர் பொறுமையாக இருந்தார். குடியால் மட்டும் வந்த மனச்சோர்வு என்றால் நிறுத்திய சில வாரங்களில் பெரும்பாலும் தானே தணியும் என்றார். அண்ணனுக்குத் தணியவில்லை. விசாரித்ததில், குடிக்கத் தொடங்குவதற்கு முன்பே அவன் மாதக்கணக்கில் முடங்கிக் கிடந்த காலம் ஒன்று இருந்தது வெளியே வந்தது. அப்போது வீட்டில் அதைச் சோம்பல் என்று சொல்லியிருந்தோம். அதற்குத் தனியாக மருந்து தொடங்கினார்கள், வாராவாரம் ஆலோசகரிடம் பேசவும் வைத்தார்கள்.

குடி வேட்கையைக் குறைக்க நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் போன்ற மாத்திரைகள் இருக்கின்றன. கல்லீரல் நிலையைப் பார்த்துத்தான் எது என்று முடிவு செய்கிறார்கள். இங்கே ஒன்றைக் கோபத்தோடுதான் சொல்கிறேன். "சாப்பாட்டில் தெரியாமல் கலந்துவிடு, குடியையே வெறுத்துடுவான்" என்று மாத்திரை ஒன்றைச் சொல்ல எல்லா வீட்டிலும் ஒருவர் இருப்பார். டைசல்ஃபிராம் அப்படிப்பட்டது. அது உள்ளே இருக்கும்போது குடித்தால் அசிட்டால்டிஹைடு என்ற நச்சு உடம்பில் தேங்கும். முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் சரிந்து ஆளே போய்விடலாம். சாப்பிடுகிறவர் முழுசாகத் தெரிந்து, சம்மதித்து, மருத்துவர் கண்காணிப்பில் மட்டுமே எடுக்க வேண்டிய மருந்து அது.

குடியிலிருந்து மீள நினைப்பவர்கள் கூடிப் பேசும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் (ஏஏ) கூட்டத்துக்குப் போக அண்ணன் கூச்சப்பட்டான். 1935-இல் அமெரிக்காவில் பில் வில்சன், டாக்டர் பாப் ஸ்மித் என்ற இரண்டு குடிநோயாளிகள் ஒருவருக்கொருவர் துணையாக இருந்ததில் தொடங்கியது அது. கட்டணம் இல்லை. குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் ஒன்றே போதும். பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டுவிட்டு வந்தவன், "என் கதையை வேற யாரோ சொல்றாங்க" என்றான். பிறகு அவனே போகத் தொடங்கினான். நானும் அண்ணியும் குடும்பத்தாருக்கான அல்-அனான் கூட்டத்துக்குப் போனோம். யாரையும் திருத்தச் சொல்லாமல் எங்களைப் பேசவிட்ட ஒரே இடம் அது.

இடையில் தெரிந்தவர் ஒருவர், "மனநல மாத்திரையும் போதைதான், நிறுத்து" என்று சொல்லிவைத்தார். அண்ணன் நிறுத்திவிட்டான். கொஞ்ச நாளில் தூக்கம் போனது, பின்னாலேயே குடியும் வந்தது. ஏஏ உறுப்பினர்கள்கூட மருத்துவராக மாறி மருந்து பற்றிச் சொல்லக்கூடாது என்று அந்த அமைப்பின் துண்டுப் பிரசுரமே சொல்கிறது. ஆலோசகர் முன்பே எழுதி வாங்கியிருந்த தாளில், சறுக்கினால் யாருக்கு முதலில் போன் செய்வது என்று இருந்தது. அன்றே செய்தான். யாரும் திட்டவில்லை, மறுநாளே வரச் சொன்னார்கள்.

இப்போது மாத்திரையும் தொடர்கிறது, கூட்டமும் தொடர்கிறது. முதல் சந்திப்புக்குப் போகிறவர்கள் சிலவற்றை எழுதி எடுத்துப் போங்கள்: கடைசியாகக் குடித்தது எப்போது, முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்ததா, வேறு என்ன மாத்திரைகள் சாப்பிடுகிறார், குடிக்கத் தொடங்குவதற்கு முன் மனநிலை எப்படி இருந்தது. உயிரை விடும் பேச்சு இருந்தால் சந்திப்புத் தேதிக்காகக் காத்திருக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்கே கூட்டிப் போங்கள். அதுவரை அவரைத் தனியாக விடாதீர்கள்.