மடிக்கணினி ஆர்டரில் ஆப்டிகல் டிரைவ் என்ற வரி

புதிய மடிக்கணினிக்கு உதிரிகளை ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்து ஆர்டர் கொடுத்தபோது, சிடி, டிவிடி போன்ற டிஸ்க்குகளைப் படிக்கும் ஆப்டிகல் டிரைவ் என்ற வரியில் நான்கு தெரிவுகள் இருந்தன: டிரைவே வேண்டாம், டிவிடி ரைட்டர், புளூ-ரேயை (டிவிடியைவிடப் பல மடங்கு கொள்ளும் டிஸ்க்) படிக்க மட்டும் செய்து டிவிடியில் எழுதும் காம்போ, புளூ-ரே ரைட்டர். செயலிக்கும் திரைக்கும் மணிக்கணக்கில் யோசிப்பவர்கள்கூட இந்த வரிக்கு வந்ததும், இருப்பதிலேயே விலை கூடியதை "இருந்துவிட்டுப் போகட்டும்" என்று சொடுக்கிவிடுகிறார்கள். அல்லது "இந்தக் காலத்தில் யார் டிஸ்க் போடுகிறார்கள்" என்று கடந்துவிடுகிறார்கள். நான் டிவிடி ரைட்டரைத் தேர்ந்தெடுத்தேன். ஆப்பிள் 2008-இல் மேக்புக் ஏரிலும் 2012-இல் ரெட்டினா மேக்புக் ப்ரோவிலும் டிரைவை நீக்கியதிலிருந்து மற்ற நிறுவனங்களும் அதே வழியில் போய்விட்டன. கரடுமுரடான வேலைக்களங்களுக்கான தடித்த மடிக்கணினிகள் போன்ற சிலவற்றில்தான் இந்த வரி இன்னும் மிச்சமிருக்கிறது. அப்படியொன்றை வாங்குபவர்களுக்காக என் காரணங்களைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் பார்க்க வேண்டியது வீட்டு அலமாரியை. என் வீட்டில் இருப்பவை கல்யாண வீடியோ டிவிடிகள், ஸ்கேன் சென்டர்களில் கொடுத்த எம்ஆர்ஐ, சிடி ஸ்கேன் டிஸ்க்குகள், பாட்டு சிடிகள், மோசர் பேர் நிறுவனம் 28 ரூபாய்க்கு விசிடியும் 34 ரூபாய்க்கு டிவிடியும் விற்ற நாள்களில் வாங்கிக் குவித்த படங்கள். இவை அத்தனையையும் மிகச் சாதாரணமான டிவிடி ரைட்டரே படித்துவிடும். புளூ-ரே டிஸ்க் என்று சொல்ல ஒன்றுகூட இல்லை. நம் ஊரில் பெரும்பாலான வீடுகளின் நிலை இதுதான் என்று நினைக்கிறேன். டிவிடியிலிருந்து நேரே யூடியூபுக்கும் ஓடிடிக்கும் தாவிய நாம், நடுவில் புளூ-ரே என்ற படியில் கால் வைக்கவே இல்லை.

"இனிமேல் வாங்கிப் பார்க்கலாமே" என்று கேட்டால், கணினியில் புளூ-ரே படம் பார்ப்பது டிவிடி பார்ப்பதைப் போல எளிதன்று. டிவிடிக்கு இலவசமாகக் கிடைக்கும் விஎல்சி என்ற மென்பொருள் போதும். புளூ-ரே படங்களுக்கு ஏஏசிஎஸ் என்ற பூட்டு உண்டு. அதைத் திறக்கும் உரிமம் பெற்ற மென்பொருள் விண்டோஸோடு வருவதில்லை, தனியே காசு கொடுத்து வாங்க வேண்டும். 4கே புளூ-ரே என்றால் கதை இன்னும் மோசம். அதை முறைப்படி ஓட்ட இன்டெல் செயலிகளில் இருந்த எஸ்ஜிஎக்ஸ் என்ற பாதுகாப்பு வசதி தேவைப்பட்டது; அந்த வசதியை இன்டெல் பிற்காலக் கோர் செயலிகளில் கைவிட்டுவிட்டது. ஆகவே, புத்தம் புதிய செயலியையும் விலை உயர்ந்த டிரைவையும் ஒன்றாக வாங்குபவர், பழைய கணினியில் ஓடிய அதே டிஸ்க்கைத் தன் புதிய கணினியில் ஓட்ட முடியாமல் நிற்கும் விநோதம் நேர்கிறது. படம் பார்ப்பதற்காக மட்டும் காம்போ டிரைவுக்குக் கூடுதல் பணம் கொடுப்பதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்; அந்தப் பணத்துக்கு நினைவகத்தைக் கூட்டிக்கொள்ளலாம்.

புளூ-ரே ரைட்டருக்கு உண்மையான நியாயம் ஒன்று உண்டு. அது கோப்புகளைக் காப்பாற்றி வைப்பது. ஒரு டிவிடியில் 4.7 ஜிபி, இரட்டை அடுக்கென்றால் 8.5 ஜிபி, புளூ-ரேயில் 25 அல்லது 50 ஜிபி, பிடிஎக்ஸ்எல் வகையில் 100 ஜிபியும் அதற்கு மேலும் அடங்கும். சாதாரண டிவிடி-ஆரில் தகவல் பதிவது கரிமச் சாய அடுக்கில். வெயிலும் வெப்பமும் அதைச் சிதைக்கும். பெரும்பாலான புளூ-ரே டிஸ்க்குகளில் அந்த இடத்தில் கனிம அடுக்கு இருப்பதால் அவை கூடுதலாகத் தாங்கும். ஆனால் எல்டிஎச் என்று குறித்த மலிவான வகையில் மறுபடியும் சாயம்தான் என்பதால், உறையைப் பார்த்து வாங்க வேண்டும். சரி, 500 ஜிபி குடும்பப் படங்களை எழுதுவதாக வைத்துக்கொள்வோம். 25 ஜிபி டிஸ்க் 20 வேண்டும். நான்கு மடங்கு வேகத்தில் ஒரு டிஸ்க்கை எழுத ஏறத்தாழ 23 நிமிடம். சரியாகப் பதிந்ததா என்று சோதிக்க இன்னும் அவ்வளவு நேரம். ஆக மொத்தம் பதினைந்து மணி நேரத்துக்கு மேல் அருகிலேயே உட்கார்ந்து டிஸ்க் மாற்றிக்கொண்டிருக்க வேண்டும். அவ்வளவு பொறுமை உள்ளவர்கள் ரைட்டரைத் தாராளமாக எடுக்கட்டும். எழுதத்தக்க புளூ-ரே டிஸ்க் தயாரிப்பதை சோனியே 2025 பிப்ரவரியில் நிறுத்திவிட்டது என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்வது நல்லது.

அப்படியானால் டிரைவே வேண்டாம் என்று விட்டிருக்கலாமே என்ற கேள்வி வரும். இங்கேதான் ஆர்டர் பக்கம் சொல்லாத செய்தி இருக்கிறது. சில மாதிரிகளில் "டிரைவ் இல்லை" என்று தேர்ந்தெடுத்தால் வெற்று பிளாஸ்டிக் துண்டால் அடைத்த இடம் வருகிறது. வேறு சிலவற்றில் உள்ளே இணைப்பானே இல்லாத பலகை வருகிறது. பின்னதில் பிறகு எதையும் பொருத்த வழியே கிடையாது. நான் வாங்கியது டிரைவை என்பதைவிட, அது உட்காரும் இடத்தை என்பதே பொருத்தம். பல மடிக்கணினிகளில் அடிப்பக்கத்தில் ஒரே ஒரு திருகைக் கழற்றினால் டிரைவ் வழுக்கிக்கொண்டு வெளியே வந்துவிடும். அந்த இடத்தில் ஒரு கேடியை (டிரைவின் அளவிலேயே இருக்கும் சட்டம்) பொருத்தி, கோப்புகளைச் சேமிக்க இரண்டாவது எஸ்எஸ்டியை வைத்துக்கொள்ளலாம். ஆனால் தடிமனை முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்: பழைய டிரைவுகள் 12.7 மி.மீ., பிந்தியவை 9.5 அல்லது 9 மி.மீ. இணைப்பானும் வன்வட்டுக்கு உள்ளது அன்று, அதைவிடச் சிறிய ஸ்லிம்லைன் சாட்டா என்ற வகை. முன்பக்க மூடி ஒவ்வொரு மாதிரிக்கும் தனி வளைவில் இருப்பதால், பிற்பாடு வெளியே வாங்கும் டிரைவ் உள்ளே கச்சிதமாக உட்கார்ந்தாலும் முகப்பில் துருத்திக்கொண்டு நிற்கும். தொழிற்சாலையிலிருந்து ஒரு டிரைவோடு வாங்கிவிட்டால், அந்த மூடியையாவது கழற்றி அடுத்த டிரைவுக்கு மாட்டிக்கொள்ளலாம்.

தட்டு வெளியே வரும் ட்ரேயா, டிஸ்க்கை நேரே பிளவில் செருகும் ஸ்லாட்டா என்ற தெரிவும் சிலர் முன் வரும். ஸ்லாட் பார்க்க அழகுதான். டிஸ்க் சிக்கிக்கொண்டால் கணினியையே பிரிக்க வேண்டியிருக்கும். 8 செ.மீ. சிறு டிஸ்க்குகளை அதில் போடவும் கூடாது. மடிக்கணினி ட்ரே வேறு மாதிரி. பொத்தானை அழுத்தினால் தட்டு மட்டுமன்றி மோட்டாரும் லேசர் லென்ஸும் சேர்ந்தே வெளியே வருகின்றன. டிஸ்க்கை நடுக் குமிழின் மேல் வைத்து, துளையை ஒட்டி இரு கட்டைவிரலால் அழுத்தினால் குமிழிலுள்ள சிறு பிடிகள் "டிக்" என்று கவ்வும். அந்தச் சத்தம் கேட்காமல் தள்ளினால் டிஸ்க் உள்ளே உரசும். மின்சாரம் இல்லாவிட்டாலும் முகப்பிலுள்ள ஊசித்துளையில் விரித்த காகிதக் கிளிப்பை விட்டுத் திறந்துவிடலாம். லென்ஸில் தூசு படிந்தால் பஞ்சால் மென்மையாகத் துடைக்கவும் கைக்கு எட்டுகிறது. எனக்கு ட்ரேயைத் தவிர வேறு எதிலும் நம்பிக்கை இல்லை.

புளூ-ரே என்றேனும் தேவைப்பட்டால் யுஎஸ்பியில் மாட்டும் வெளி டிரைவாகவே வாங்கிக்கொள்வேன். அடுத்த கணினிக்கும் அது உதவும். அப்போது கவனிக்க வேண்டியது மின்சாரம்: யுஎஸ்பி 2.0 துளை முறைப்படி தருவது 500 மில்லி ஆம்பியர், 3.0 தருவது 900. எழுதும்போது புளூ-ரே டிரைவ் அதைத் தாண்டக் கேட்கும் என்பதால், இரண்டு முனை உள்ள கேபிளோ தனி அடாப்டரோ சேர்ந்து வருவதாகப் பார்த்து எடுக்க வேண்டும்.

வெளிநாட்டிலிருந்து ஆர்டர் கொடுப்பவர்களுக்கு மட்டும் இன்னும் ஒன்று. எந்தப் பகுதிக்கான டிவிடி படங்கள் ஓடும் என்பதை முடிவுசெய்யும் டிவிடி டிரைவின் மண்டலக் குறியீட்டை மொத்தம் ஐந்து முறைதான் மாற்ற முடியும். ஐந்தாவதோடு அது டிரைவுக்குள்ளேயே நிலைத்துவிடும், விண்டோஸை மறுபடி நிறுவினாலும் மாறாது. அமெரிக்க டிஸ்க்குகள் மண்டலம் 1, இந்தியாவுக்குரியவை மண்டலம் 5. கணினி கைக்கு வந்ததும் டிவைஸ் மேனேஜரில் டிரைவின் பண்புகளைத் திறந்து, எந்த மண்டலத்தில் இருக்கிறது, இன்னும் எத்தனை மாற்றம் மிச்சமிருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பிறகு முதல் டிஸ்க்கைப் போடுங்கள்.